மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை: ரங்கூன் மாடி வீடுகளுக்கு

ரங்கூனின் பழைய மாடி வீடுகளில் தண்ணீர் மோட்டார் கீழ்த்தளத்தில் இருக்கும். அதன் சுவிட்ச் நாலாம் மாடியிலோ ஆறாம் மாடியிலோ வீட்டுக்குள் இருக்கும். பின்பக்கச் சுவரோரம் ஏழெட்டு மோட்டார்கள் வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் ஒரே நிறம், ஒரே அளவு. கையை வைக்கும் முன்பே இங்கே ஒரு ஆபத்து காத்திருக்கிறது. கீழே நீங்கள் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்துவிடும், தெருவே "மீ லாபி" (கரண்ட் வந்தாச்சு) என்று கத்தும், மேலே யாராவது தொட்டி காலியாக இருக்கிறதே என்று சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.

ஆகவே சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேரடி இணைப்பாக இருந்தால் பிரேக்கரை இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு இறங்குங்கள். பழைய ஃபியூஸ் கட்டை என்றால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முள் பிளக்கைத் திருப்பியும் செருக முடியும் என்பதால், சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலாகவும் இருக்கலாம். அப்போது மோட்டார் ஓடாது, ஆனால் காயிலில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். கரண்ட் போயிருக்கும் நேரத்தில் பிரித்தால் பயமில்லை என்ற நினைப்பும் வேண்டாம். அது எந்த நிமிடமும் திரும்பலாம்.

கீழே வந்ததும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கரண்ட் இருக்கும் ஒரு பிளக் பாயின்டில் முதலில் பாருங்கள். பிறகு மோட்டார் டெர்மினலில் பாருங்கள். திரும்பவும் அந்தப் பாயின்டிலேயே பாருங்கள். மீட்டர் செத்துப்போனதால் அல்ல, கரண்ட் இல்லாததால்தான் சுழி காட்டியது என்பது அப்போதுதான் உறுதியாகும். டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி விரலை வைக்கக் கூடாது.

அடுத்தது கெப்பாசிட்டர், மோட்டாரைக் கிளப்ப உதவும், மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்துப் பொறி பறக்க வைப்பது இங்கே பலருக்கும் பழக்கம். அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. 15 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் இன்சுலேட் செய்த வயரை இணைத்து, கெப்பாசிட்டர் முனைகளில் 5 விநாடி பிடியுங்கள். ரெசிஸ்டர் இல்லையென்றால் ஹோல்டரில் மாட்டிய பழைய 100 வாட் குண்டு பல்பும் போதும். மீட்டரை டிசியில் வைத்துச் சுழியைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால்

இது வந்தால் 2, 3 விநாடிக்குள் அணைத்துவிட வேண்டும். சுற்றாத மோட்டார் வழக்கத்தைப்போல நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும், விசிறியும் ஓடாது. கொஞ்ச நேரத்திலேயே காயிலின் வார்னிஷ் கருகும். "கொஞ்சம் பொறுத்தால் பிடித்துவிடும்" என்று விட்டுவைப்பதால் எரிந்துபோகும் காயில்கள் ஏராளம்.

முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். விசிறி மூடிக்குப் பின்னால் ஷாஃப்ட்டின் நுனியில் பெரும்பாலும் ஒரு கீற்று வெட்டியிருக்கும். அதில் ஸ்க்ரூடிரைவரை வைத்து இரு பக்கமும் திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால், சின்ன அரை எச்பி பம்ப்புகளில் பித்தளை இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பிடித்திருக்கிறது என்று பொருள். இம்பெல்லருக்கும் உடலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான். இரண்டு வாரம் ஓடாமல் கிடந்தாலே துருவும் உப்பும் அதை அடைத்துவிடும். முன்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போட்டுவைத்துத் தேய்த்தெடுங்கள். துருநீக்கி எண்ணெய் அடிக்காதீர்கள், அது குடிக்கும் தண்ணீர் போகும் வழி.

ஷாஃப்ட் லேசாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மேலே பார்க்க வேண்டியதில்லை, மாற்றிவிடலாம். வெளியே நன்றாகத் தெரிந்தால் மைக்ரோஃபேரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) அளக்கும் மீட்டரில் போடுங்கள். 10 மைக்ரோஃபேரட், 5 சதவீதம் கூடக் குறைய என்று எழுதியிருந்தால் 9.5க்குக் கீழே வரக் கூடாது. 7 காட்டினால் காலையில் ஓடும், மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது உறுமும். மாற்றும்போது அதே மைக்ரோஃபேரட், 450 வோல்ட் ஏசி வாங்குங்கள். பெரியதாகப் போட்டால் இழுவை கூடும் என்று கடையில் சொன்னாலும் வேண்டாம். கெப்பாசிட்டரோடு சேர்ந்த துணைக்காயில் சூடேறி அதுவே முதலில் போகும்.

கெப்பாசிட்டரும் நன்றாக இருந்தால் குற்றம் மோட்டாரில் இல்லாமலும் இருக்கலாம். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230ல் கிடைப்பதில் 180 வோல்ட்டில் 61 சதவீதமும், 160ல் பாதிக்கும் குறைவாகவுமே கிடைக்கும். வயரையும் பாருங்கள். ஆறாம் மாடியிலிருந்து கீழே 25 மீட்டர் வயர் இறங்குகிறது என்று வையுங்கள். கிளப்பும் நொடியில் மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால், 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 18 வோல்ட் வழியிலேயே தொலையும், 1.5 வயரில் பாதிதான் போகும். ரெகுலேட்டர் வாங்கும் முன் இந்த வயரை மாற்றிப் பாருங்கள். ரெகுலேட்டரே வேண்டும் என்றால் அரை எச்பிக்கு 2 கேவிஏ அளவு எடுங்கள். கரண்ட் திரும்பிய முதல் சில நிமிடங்களில் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும். அப்போது மோட்டாரைப் போடாமல் பத்து நிமிடம் பொறுப்பது நல்லது.

காயிலை அளப்பது

உள்ளிருந்து மூன்று வயர்கள் வரும். கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்: 12, 20, 32 என்பதுபோல. எங்காவது முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் வெப்பக்காப்பு (அதிகம் சூடானால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்திருக்கிறது. மோட்டார் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடியும் பாருங்கள். இந்தக் காப்பு ஆறியதும் தானாக மூடி, மோட்டாரும் தானாகக் கிளம்பும். "நின்றுதானே இருக்கிறது" என்று பிளக்கைப் பிடுங்காமல் விசிறிப் பக்கம் விரல் விடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஒவ்வொரு வயருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். மல்டிமீட்டர் இதற்கு அரைகுறைச் சாட்சிதான். அதில் கசிவு தெரிந்தால் கசிவு நிச்சயம். தெரியாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது.

ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் காயிலை விட்டுவிட்டு ஃபுட் வால்வு (உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது), உறிஞ்சுகுழாய் இணைப்புகளைப் பாருங்கள். பம்ப்பின் மேல்மூடியில் தண்ணீர் நிரப்பி, அரைமணி கழித்து மட்டம் இறங்கியிருந்தால் வால்வு ஒழுகுகிறது. வறண்டு ஓடினால் சீல் வெந்துபோகும், பிறகு பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டை நாள் தள்ளாமல் நிறுத்துங்கள். தண்ணீர் முதலில் பேரிங்கில் இறங்கும், பிறகு காயிலில்.

மழைக்காலம், எர்த், ஜெனரேட்டர்

மே முதல் அக்டோபர் வரை கீழ்த்தளம் எந்த நேரமும் நனையும். மோட்டாரைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீரில் மூழ்கியதைத் துடைத்துவிட்டு உடனே போடாதீர்கள். மூடிகளைக் கழற்றி, 60 வாட் குண்டு பல்போடு பெட்டிக்குள் ஒரு நாள் வைத்து, மெக்கர் பார்த்த பிறகே போடலாம்.

30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இல்லாமல் ஈரத்தரையில் மோட்டார் ஓட்டாதீர்கள். எர்த் இருந்தால் கசிவு வந்ததுமே அது விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடல் வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதில் பயனில்லை, நடுவில் பிவிசி வந்துவிடும். மண்ணில் தனிக் கம்பி அடித்து, பச்சை வயரை மோட்டார் உடலின் எர்த் திருகில் இறுக்குங்கள். பிரேக்கரின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டுபவர்கள் இரு முனையும் வெட்டும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) போட்டே ஆக வேண்டும். இரு பக்கமும் முள் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பாயின்டில் செருகினால், அந்தக் கரண்ட் தெருக் கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் கை வரை போகும். கிளப்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்கும் ஜெனரேட்டராக இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதில் மோட்டார் உறுமினால் இரண்டாம் முறை முயற்சிக்காதீர்கள்.