கடல் சாமந்தி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலங்கார மீன் கடையில் வெள்ளை வெளேரென்று, நுனியில் லேசான ஊதாவோடு ஒரு கடல் சாமந்தி இருந்தால் கண் முதலில் அதன்மேல்தான் போகும். நான் முதன்முதலாக வாங்கியதும் அப்படி ஒன்றைத்தான். மூன்று வாரத்தில் சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் காலையில் கரைந்து கிடந்தது. அந்த வெள்ளை பட்டினியின் அடையாளம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அனிமோன் (கடையிலும் நமக்குள்ளும் இந்தப் பெயர்தான் புழக்கம்) பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை செய்யும் சர்க்கரைதான் அனிமோனுக்கு முக்கிய உணவு. உடலில் தெரியும் பழுப்புச் சாயல் இந்தப் பாசிகளுடையது. பிடிக்கும்போதும் அனுப்பும்போதும் சூட்டிலும் இருட்டிலும் அலைக்கழிந்தால் பாசிகள் வெளியேறிவிடும், உடல் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான். பளீர் மஞ்சள், ரோஸ் நிறங்களில் விற்பவற்றைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அவை வெளுத்துப்போன பிறகு சாயம் ஏற்றப்பட்டவை.

ஏற்கெனவே வெள்ளையை வாங்கிவிட்டால் கைவிட வேண்டாம். மிதமான வெளிச்சத்தில் ஆரம்பித்துச் சில வாரங்களில் மெதுவாகக் கூட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மிகச் சிறிய இறால் துணுக்கு கொடுங்கள். நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். ஆனால் புதிதாக வாங்குபவர் வாய் மூடியிருக்கிறதா, அடிப்பாதத்தில் கிழிசல் இல்லையா, கொடுத்த இரையைப் பிடித்துக்கொள்கிறதா என்று மூன்றையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். இரை கொடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

அடுத்த பெரிய தவறு, தொட்டி ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதமே அனிமோனை இறக்குவது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். மீனுக்கு அது போதும். அனிமோனுக்குப் போதாது. புதுத் தொட்டியில் உப்பளவும் பிஎச்சும் நைட்ரேட்டும் வாரத்துக்கு வாரம் ஆடும். மீன் தாங்கிக்கொள்ளும் அந்த ஆட்டத்தை அனிமோன் தாங்காது. குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் காத்திருங்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, உப்படர்த்தி 1.025 அல்லது 1.026. இந்த எண்களை ஒருமுறை எட்டுவது எளிது. அவற்றை அசையாமல் வைத்திருப்பதுதான் வேலை.

நம் ஊர் வெயிலில் அது இன்னும் கடினம். 100 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் ஆவியானால், உப்பு அப்படியே தங்கிவிடுவதால் 35 பிபிடியாக (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருந்த உப்பளவு 36 ஆகிவிடும். மட்டம் இறங்கிவிட்டதே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். ஆவியானது வெறும் தண்ணீர்தான், எனவே ஈடுகட்டவும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, குளோரின் இருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்போது ஆவியாவதும் கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டை மூடாமல் விடுவதால் செத்த அனிமோன்கள் கணக்கில்லாதவை. அனிமோன் நகரும். நீங்கள் ஆசையாக ஒரு பாறையின் உச்சியில் வைப்பீர்கள், மறுநாள் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். வெளிச்சமும் நீரோட்டமும் பிடித்த இடம் கிடைக்கும்வரை அலையும், பெரும்பாலும் இரவில். அந்த அலைச்சலில் பம்பின் வாயில் மாட்டினால் சிதைந்துபோகும். சிதைந்த சதை தண்ணீரைக் கெடுத்து மீன்களையும் கொன்றுவிடும். பம்பின் உறிஞ்சும் வாய் ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சோ வலையோ போட்ட பிறகே அனிமோனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அது போய் உட்கார்ந்த இடம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள். கட்டாயம் நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் இழுக்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. பாதத்தின் பக்கம் நீரோட்டத்தைத் திருப்பிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் தானே விட்டுவிடும்.

சுருங்கியதும் பதறுவதும் ஒரு தவறுதான். பழைய தண்ணீரையும் கழிவையும் வெளியேற்ற அனிமோன் அவ்வப்போது ஊசிப்போன தக்காளி மாதிரி வாடும், பழுப்பாக இழை இழையாக ஏதோ கக்கும். சில மணி நேரத்தில் மறுபடி விரிந்துவிடும். அதற்குள் கையை விட்டுத் தொட்டு, இடம் மாற்றி, மருந்து ஊற்றுவதுதான் அதைக் கொல்கிறது. ஆனால் வாய் அகலமாகத் திறந்து உள்ளுறுப்பு வெளியே தள்ளி, எதிலும் ஒட்டாமல், நாற்றமும் வந்தால் கதை முடிந்தது. உடனே எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை அனிமோன் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம். மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம். சாப்பாடு விஷயத்தில், நிறத்தோடு நலமாக இருக்கும் அனிமோனுக்கு வாரம் ஒருமுறை அதன் வாயைவிடச் சிறிய துண்டு போதும். பெரிய துண்டைக் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும்.

அப்புறம், கோமாளி மீனுக்காக அனிமோன் வாங்குவது. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் அனிமோன்கள் உலகத்தில் பத்து இனங்கள்தான். அட்லாண்டிக் பக்கத்துக் கான்டிலாக்டிஸ் என்ற அனிமோன் அதில் இல்லை, அங்கே கோமாளி மீனே கிடையாது. நம் கடலில் கிடைக்கும் ஹாடோனி கார்பெட் என்ற அனிமோனும் செபே கோமாளி மீனும் இயற்கையிலேயே ஜோடி. ஆனால் அந்தக் கார்பெட் அரை மீட்டருக்கு மேல் விரியும், ஆழமான மணல் கேட்கும், பக்கத்தில் வரும் மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும். சிறிய தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன்கள் அனிமோனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பதும் உண்டு. அனிமோன் இல்லாமலும் அவை நன்றாகவே வாழும்.

ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்ற இயற்கையியலாளர் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்து கண்ணாடி ஜாடியில் வளர்த்த ஓர் அனிமோன் 1887 வரை உயிரோடு இருந்தது. அவர் 1851இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 36 ஆண்டுகள். 'பாட்டி' என்றே அதை அழைத்தார்கள். அது குளிர்கடல் இனம்தான், இருந்தாலும் இந்த உயிரின் ஆயுள் எவ்வளவு நீளக்கூடியது என்று அது காட்டிவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றைக் கடலிலிருந்து பிய்த்துவந்து ஒரு மாதத்தில் சாகவிடுவது எனக்கு இன்றும் வலிக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது பபுள் டிப் என்ற அனிமோன். அது தொட்டியிலேயே தானாக இரண்டாகப் பிரியும், அதனால் வீட்டில் பல வருடமாக வளர்க்கிறவர்களிடம் குட்டிகள் கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் குட்டி நம் ஊர்த் தண்ணீருக்கும் விளக்குக்கும் ஏற்கெனவே பழகியது. உள்ளங்கையில் அடங்கும் அளவு போதும். ஒட்டியிருக்கும் கல்லோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், பாதத்தைப் பெயர்க்கும் வேலையே இருக்காது.