வாக்குத்தத்த அட்டையோடு நின்றுவிடாதீர்கள்: வேதவாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து பெங்களூரின் தமிழ்ச் சபைகளிலிருந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் கையில், புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இருக்கும். அது ஃப்ரிட்ஜ் கதவிலோ பர்ஸுக்குள்ளோ வருஷம் முழுக்க இருக்கும். இருக்கட்டும், நல்லதுதான். அந்த ஒரு வசனமே அந்த வருஷத்தின் முழு வேதாகமமாக ஆகிவிடக் கூடாது.

அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனத்தை வேலை மாற்றத்துக்கும் விசாவுக்கும் பெண் பார்க்கவும் பிடித்துக்கொள்கிறோம். அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய நிருபம், அதாவது கடிதம், அது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று கள்ளத் தீர்க்கதரிசிகள் ஆசை காட்டிக்கொண்டிருந்த நேரம். கர்த்தர் சொன்னதோ வேறு: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், திரும்பிவர 70 வருஷம் ஆகும். 7-ம் வசனத்தில், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறார்.

பிழைப்புக்காக இங்கே வந்து வேரூன்றிய நமக்கு 11-ம் வசனத்தைவிட இந்த 7-ம் வசனம்தான் நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். நம்மை யாரும் சிறைபிடித்துக் கொண்டுவரவில்லை. ஆனாலும் தலைமுறைகளாக இங்கே இருந்துகொண்டு, குடும்ப ஜெபத்தில் இந்த ஊரின் பேரைக்கூடச் சொல்லாத வீடுகள் உண்டு. 2024 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தோமே, அப்போதாவது நம் தெருவுக்காக, எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்காக ஜெபித்திருக்க வேண்டும். வசனத்தை அதிகாரத்திலிருந்து பிய்த்து எடுத்தால் இந்தக் கட்டளை கண்ணிலேயே படாது. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு அதைச் சொல்லி அனுப்புகிறோம். பவுல் அதை எழுதியபோது காவலில் இருந்தார், முந்தின இரண்டு வசனங்களில் பட்டினியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார்.

அடுத்தது, ஒரு வருஷத்தில் வேதாகமம் முழுவதையும் முடிக்கும் அட்டவணை. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று நான்கு வரும். ஆதியாகமம் ஓட்டமாய் ஓடும். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் லேவியராகமத்தின் பலிகளும் வரும்போது கால் தடுமாறும். பிப்ரவரிக்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். விட்டுப்போன நாட்களைச் சேர்த்துப் படித்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் இதில் பெரிய தவறு. ஞாயிறு மதியம் பத்துப் பதினைந்து அதிகாரம் கண்ணை ஓட்டினால் ஒன்றும் மனதில் நிற்காது. விட்டது விட்டதாக இருக்கட்டும், இன்றைக்கு உரியதை வாசியுங்கள்.

லேவியராகமத்தை அப்படியே தாண்டிப் போகவும் வேண்டாம். 19-ம் அதிகாரம், நம் ஊர் அப்பார்ட்மெண்ட் வாழ்க்கையைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடத்தில் வைத்துக்கொள்ளாதே என்கிறது 13-ம் வசனம். காலையில் தியானம் முடித்து ஸ்டேட்டஸில் வசனம் போட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை பத்தாம் தேதிவரை இழுத்தடிக்கிறவர்கள் நம் சபைகளில் இல்லையா? யாக்கோபு 1:22 இதைத்தான் கண்டிக்கிறது: கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, செய்கிறவர்களாயும் இருங்கள். வாசித்ததில் ஒன்றையாவது அன்றைக்கே செய்துவிடுங்கள்.

நேரமில்லை என்கிறவர்கள் உபாகமம் 6:7-ஐப் பார்க்கலாம். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் கர்த்தருடைய வார்த்தைகளைப் பேசச் சொல்கிறது. சில்க் போர்டு சிக்னலில் பஸ் நிற்கும் நேரத்துக்கு ஒரு சங்கீதத்தை ஆடியோவில் கேட்டுவிடலாம். போகும்போது கேட்டதையே திரும்பும்போதும் கேளுங்கள். புதிது புதிதாய்க் கேட்பதைவிட அதுதான் தங்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் கவனம் தேவை. கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளையைக் குடும்ப ஜெபத்தில் தமிழ் வாசிக்கச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து திருத்தினால் அதற்கு ஜெபநேரம் என்றாலே பயம் வந்துவிடும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வேதாகமம் கிடைக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், அதே பகுதியைப் பாட்டி தமிழில் வாசிக்கட்டும். கேட்டுக் கேட்டே தமிழ் வசனம் பிள்ளையின் வாயில் வந்துவிடும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், சம்பவங்கள் வேகமாக நகரும். பிள்ளை இடையில் கேள்வி கேட்டால் அன்றைக்கு அதிகாரத்தை முடிக்காமல் அந்தக் கேள்வியையே பேசுங்கள். மீதியை மறுநாள் வாசித்துக்கொள்ளலாம்.