திராட்சையை மறுஏற்றுமதி செய்வோருக்கு

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் இறங்கிய திராட்சையை வேறு நாட்டுக்கு மறுஏற்றுமதி செய்ய விரும்புவோர், விலை பேசுவதற்கு முன்பே, வாங்கும் நாட்டின் பயிர்ப் பாதுகாப்புத் துறை எவ்வெப் பூச்சிகளைத் தடுத்துள்ளது, குளிரூட்டுச் சிகிச்சை (பூச்சிகளைக் கொல்லப் பழத்தைக் கடுங்குளிரில் வைத்திருப்பது) கேட்கிறதா என்பதை எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.

சிங்கப்பூரில் மறுஏற்றுமதிக்கான தாவர நலச் சான்றிதழை, அதாவது சரக்கில் தடுக்கப்பட்ட பூச்சிகள் இல்லை என்பதற்கான அரசுச் சான்றை, தேசியப் பூங்காக் கழகம் வழங்குகிறது. விளைந்த நாடு வழங்கிய மூலச் சான்றிதழோ அதன் சான்றளிக்கப்பட்ட நகலோ உடன் செல்ல வேண்டும் என்பதால், சரக்கு வந்த அன்றே அதைப் பத்திரப்படுத்துங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

சான்றிதழுக்கான சோதனைக்கு முன் நீங்களே பெட்டிகளைத் திறந்து பாருங்கள். குலையை வெள்ளைத் தாளின்மேல் மெதுவாகத் தட்டினால் இலைப்பேன்கள் மெல்லிய கீற்றுகளாக நகர்வது தெரியும். காம்புகள் பிரியும் இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மாவுப்பூச்சியே, அதைத் திராட்சையின் இயல்பான வெண்படலம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. இலைத்துணுக்கு, மண் எதுவும் இருக்கலாகாது.

பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டுகளில் ஐஎஸ்பிஎம் 15 (மரப் பொதிவுப் பொருள்களில் பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டுத் தரநிலை) முத்திரை அவசியம். வெப்பமுறையில் பதப்படுத்தும்போது மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடங்கள் இருந்திருக்க வேண்டும்.