வயதான பூனைக்கு ஓயாத பசியா? முதலில் எடையைப் பாருங்கள்

பத்து வயதைக் கடந்த பூனை, கிண்ணத்தை நக்கித் தீர்த்த கையோடு மறுபடியும் காலைச் சுற்றி வந்து கத்தினால், அதை வெறும் ஆசை என்று தள்ளிவிடாதீர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். 4 கிலோ பூனைக்கு 200 கிராம் குறைவது உடல் எடையில் 5 சதவீதம் என்பதால், அது சிறிய இழப்பு அன்று. அடர்ந்த உரோமம் மெலிவை மறைத்துவிடும். முதுகில் விரல்களை ஓட்டி, எலும்பு முனைகள் கூர்மையாகத் தட்டுப்படுகின்றனவா என்றும் பாருங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால், தைராய்டு மிகைச்சுரப்பு, நீரிழிவு, குடல் நோய் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கக்கூடும் என்பதால், எடைக் குறிப்புடன் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பது கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மருந்தும் பசியைத் தூண்டும்.

எடை கூடுகிறது என்றால், மருத்துவர் சொல்லும் ஒரு நாள் அளவை நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். பட்டினி மட்டும் போடவே கூடாது. பருமனான பூனை சில நாட்கள் உண்ணாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.