தவளை, சிலந்தி நடத்தை ஆய்வு: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வருபவர்களின் சோதனைத் திட்டங்களைப் படித்தால், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. பேட்டரி தீர்ந்தது, தேதி எழுத மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

ஒரே ஒரு ஆணின் குரல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பெண் தவளைக்கு நீளமான கத்தல் பிடிக்குமா, குறுகியது பிடிக்குமா என்பது கேள்வி. ஒரு ஆணின் நீளக் கத்தலையும் இன்னொரு ஆணின் குறுகிய கத்தலையும் பதிவு செய்து, இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, 40 பெண்களை ஒவ்வொன்றாக நடுவில் விடுகிறார்கள். பெரும்பாலானவை நீளக் கத்தலை நோக்கிப் போகின்றன, உடனே 'மாதிரி அளவு 40' என்று எழுதிவிடுகிறார்கள். சரி, கத்தல்கள் எத்தனை? வகைக்கு ஒன்று! அந்த நீளக் கத்தலுக்குரிய ஆண் உடல் பெருத்து, குரலும் கட்டையாக இருந்திருக்கலாம், அல்லது அந்தப் பதிவில் இரைச்சல் குறைவாக இருந்திருக்கலாம். 400 பெண்களை வைத்துச் செய்தாலும் பெண்கள் நீளத்துக்காகத்தான் போயின என்று சொல்ல முடியாது.

ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்துவிட்டு, அவற்றைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணும் இந்தத் தவறுக்குச் சூடோரெப்ளிகேஷன் என்று பெயர். இதைப் பற்றிச் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984லேயே எச்சரித்தார், பறவைப் பாட்டை ஒலிக்கவிடும் சோதனைகளில் இதே கோளாறு இருப்பதைப் பறவைப் பாட்டு ஆய்வாளர் க்ரூட்ஸ்மா 1989ல் எழுதினார். அப்படியும் ஒரு மாணவி இனப்பெருக்கப் பருவம் முழுவதும் இரவிரவாகக் குளக்கரையில் உட்கார்ந்து சேர்த்த தரவோடு வந்தபோது, பதிவு ஒன்றுதான் என்று தெரிந்து எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அடுத்த பருவம் வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று, திட்டம் போட்ட நாளில் யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பல ஆண்களின் பதிவுகளை எடுங்கள், ஒவ்வொரு பெண்ணுக்கும் வேறு வேறு ஜோடியை ஒலிக்கவிடுங்கள். அல்லது கத்தலில் நீங்கள் சோதிக்கும் ஒரு கூறை மட்டும் மாற்றுங்கள். பனாமாவின் துங்காரா தவளைகளில் ஆய்வாளர் மைக்கேல் ரயன் அப்படித்தான் பார்த்தார்: நீண்ட இழுப்பொலி அதே, முடிவில் 'சக்' ஒலி உண்டா இல்லையா என்பது மட்டும் வேறு. பெண்கள் 'சக்' உள்ளதையே அதிகம் தேர்ந்தெடுத்தன.

வெப்பநிலையைக் குறிக்காமல் விடுவது

சாம்பல் மரத்தவளையின் கத்தலில் துடிப்பு வேகம், அதாவது நொடிக்கு எத்தனை ஒலித் துடிப்புகள் என்பது, வெப்பநிலையோடு கூடும், பெண்ணின் விருப்பமும் கூடவே நகரும். குளிர்ந்த இரவில் பதிந்ததை வெதுவெதுப்பான அறையில் ஒலிக்கவிடாதீர்கள்.

சிலந்திக்குத் தப்பான தரை

ஓநாய்ச் சிலந்தி ஆண்கள் தரையை அதிரவைத்துப் பெண்ணை அழைக்கின்றன, பெண் அதைக் கால்களால் உணர்கிறது. காய்ந்த இலையில் நன்றாகப் பரவும் அந்த அதிர்வு, தடித்த கல்லில் சீக்கிரமே அமுங்கிவிடும். அப்புறம் 'பெண் ஆர்வம் காட்டவில்லை' என்று எழுதுவதில் என்ன பொருள்? அதற்குச் சேதியே போய்ச் சேரவில்லை.

பழைய சிலந்தி நூல்

முந்தைய பெண் சிலந்தி விட்டுப்போன நூலின் வாசனைக்கே ஆண் பெண்ணைக் கவரும் ஆட்டத்தைத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பெட்டியின் அடியில் விரித்த தாளை மாற்றுங்கள், பெட்டியை ஆல்கஹாலால் துடையுங்கள்.

கையுறை

ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை பல இனங்களையே இல்லாமல் ஆக்கியிருக்கிறது.