பல எக்கோ எஃப்.எம்.ஆர்.ஐ: மூன்று சிக்னலை எடை போட்டு ஒன்றாக்குவது எப்படி?

3 டெஸ்லா ஸ்கேனரில் மூளைச் செயல்பாட்டைப் படம் பிடிப்பவர்கள் (இதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ) வழக்கமாக ஒரே ஓர் எக்கோவைத்தான் எடுப்பார்கள், அதாவது மூளைக்குக் கொடுக்கும் ரேடியோ துடிப்புக்குப் பின் வரும் சிக்னலை ஒரே ஒரு முறைதான் படிப்பார்கள், அதுவும் 30 மில்லிநொடி வாக்கில். அந்த 30 என்பது ஒரு சமரசம். மூளையின் சாம்பல் பகுதியில் பெரும்பாலான இடங்களில் டி2 ஸ்டார் என்னும் சிக்னல் தேய்மான நேரம் 40 முதல் 50 மில்லிநொடி வரை இருக்கும். கண்குழிக்கு மேலே, காதுத் துளைக்கு அருகே எல்லாம் காற்றும் திசுவும் அடுத்தடுத்து இருப்பதால் காந்தப்புலம் கோணிப்போய், டி2 ஸ்டார் 15-க்கும் கீழே இறங்கிவிடும். 30 மில்லிநொடி ஆவதற்குள் அந்த இடத்துச் சிக்னல் கரைந்து படத்தில் கருந்துளை விழுகிறது.

இதற்கு மாற்று, ஒரே ரேடியோ துடிப்புக்கு (கிளர்ச்சித் துடிப்பு) பிறகு மூன்று எக்கோக்களை அடுத்தடுத்து வாங்கி, ஒவ்வொரு வோக்சலுக்கும் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) ஏற்ற எடை கொடுத்துச் சேர்ப்பது. எடைச் சூத்திரத்தை 1999-இல் ஸ்டீஃபன் போஸ்ஸேயும் உடனாய்வாளர்களும் வெளியிட்டார்கள். கணக்கு பள்ளி மடக்கை அளவுதான், எக்செல்லிலேயே போட்டுப் பார்க்கலாம். வேலை கெடுவது பெரும்பாலும் கணக்குக்கு முன்னால், எதை எதற்கு முன் செய்வது என்பதில்தான்.

எம்.ஆர்.ஐ.யில் எக்கோக்களைச் சேர்ப்பது என்றால் வேறு சில முறைகளும் நினைவுக்கு வரும். கழுத்துத் தண்டுவடத்துக்கு எடுக்கும் மெடிக், மெர்ஜ் படங்களில் ஸ்கேனரே எக்கோக்களைச் சேர்த்துக் கொடுத்துவிடும். கொழுப்பையும் நீரையும் பிரிக்கும் டிக்ஸன் முறைக்குச் சிக்னலின் அலைக் கட்டமும் (ஃபேஸ்) வேண்டும். இங்கே சொல்லப்போவது அவற்றுக்குப் பொருந்தாது.

படி 1: ஸ்கேனர் அமைப்பு

எடுத்துக்காட்டாக 12, 28, 44 மில்லிநொடி என்று மூன்று எக்கோ நேரங்களை வைத்துக்கொள்வோம். இரண்டு எக்கோக்களுக்கு நடுவே 16 மில்லிநொடிதான் இருக்கிறது. அதற்குள் ஒரு முழுப் படத்தின் வரிகளையும் படித்து முடித்தாக வேண்டும். 64 வரிகள் உள்ள படத்தில் பகுதி ஃபூரியர் (வரிகளில் ஒரு பகுதியை மட்டும் படிக்கும் உத்தி) 6/8 வைத்தால் 48 வரிகள். ஒரு வரிக்கு 0.5 மில்லிநொடி என்றால் 24 மில்லிநொடி, இடைவெளிக்குள் அடங்காது. கிராப்பா போன்ற இணைப் படப்பிடிப்பை (சில வரிகளை விட்டுப் படித்து, விட்டதைப் பிறகு நிரப்பும் உத்தி) 2 மடங்கு வைத்தால் 24 வரிகள், 12 மில்லிநொடி. இப்போது அடங்கும்.

வேகப்படுத்தாமல் எடுத்தால் மூன்றாவது எக்கோ 66 மில்லிநொடிக்குப் பக்கத்தில் போய் விழும். டி2 ஸ்டார் 40 உள்ள இடத்தில்கூட அப்போது தொடக்கச் சிக்னலில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அதனால் வேகப்படுத்துவதை விருப்பத் தேர்வாக நினைக்க வேண்டாம். வோக்சலை 3 மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டருக்கு ஆசைப்பட்டால் வரிகள் கூடி, எக்கோக்கள் தள்ளிப்போகும்.

படி 2: கோப்புகளைச் சரிபார்த்தல்

ஸ்கேனர் தரும் டைகாம் கோப்புகளை, ஆய்வு நிரல்கள் படிக்கும் நிஃப்டி வடிவத்துக்கு மாற்றினால் ஒவ்வோர் எக்கோவுக்கும் தனிக் கோப்பு கிடைக்கும். கூடவே வரும் ஜேசான் என்ற விவரக் கோப்பில் எக்கோ நேரம் நொடியில் இருக்கும், அதாவது 0.012 என்று. நீங்கள் பயன்படுத்தும் நிரல் நொடியில் கேட்கிறதா, மில்லிநொடியில் கேட்கிறதா என்று அதன் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் திரையில் கேட்ட நேரத்தை நம்பாமல், கோப்பில் பதிவான நேரத்தையே எடுங்கள். 28 கேட்டிருப்பீர்கள், 28.34 கிடைத்திருக்கும்.

இன்னொரு பொறி, அளவுகோல் பெருக்கி. நிஃப்டி தலைப்பில் உள்ள பெருக்கி மூன்று எக்கோக்களுக்கும் வேறு வேறாக இருக்கலாம். உங்கள் நிரல் அதைப் பெருக்கிய பிறகுதான் எண்களைத் தருகிறதா என்று பாருங்கள். பெருக்காத வெறும் எண்களை எடுத்தால் தேய்மானக் கோடே தப்பாகிவிடும்.

படி 3: முன்தயாரிப்பு, அதன் வரிசை

நிலைப்படாத முதல் சில படங்களை நீக்குவதானால் மூன்றிலும் ஒரே எண்ணிக்கை நீக்குங்கள். தலை அசைவுத் திருத்தத்தை முதல் எக்கோவில் மட்டும் கணக்கிடுங்கள், சிக்னல் அதில்தான் மிகுதி. அங்கே கிடைத்த அதே நகர்த்தல் அளவுகளை மற்ற இரண்டுக்கும் அப்படியே பொருத்துங்கள். மூன்று எக்கோவும் ஒரே கிளர்ச்சியிலிருந்து சில பத்து மில்லிநொடிக்குள் வந்தவை, அதற்குள் தலை எங்கும் போய்விடாது. ஒவ்வோர் எக்கோவுக்கும் தனித்தனியே திருத்தம் கணக்கிட்டால், மங்கலான மூன்றாவது எக்கோ வேறு பக்கம் நகரும். பிறகு ஒரே வோக்சல் எண்ணில் மூன்று வேறு இடங்களின் சிக்னல் உட்கார்ந்திருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சேர்ப்பதற்கு முன் செய்யக்கூடாதவை: மென்மையாக்கல் (அக்கம்பக்க வோக்சல்களைக் கலந்து சராசரியாக்குவது), சராசரியைக் கழித்தல், ஒவ்வோர் எக்கோவையும் 100-க்கோ 1000-க்கோ அளவு மாற்றுதல். முதலாவது, நல்ல திசுவையும் கருந்துளையையும் கலந்துவிடும். மற்ற இரண்டும் எக்கோவுக்கு எக்கோ சிக்னல் தேய்கிறது என்ற தகவலையே அழித்துவிடும். நமக்கு வேண்டியதே அந்தத் தேய்மானம்தான்.

படி 4: ஒரு வோக்சலின் டி2 ஸ்டார்

ஒரு வோக்சலில் ஒவ்வோர் எக்கோவின் கால வரிசைக்கும் சராசரி எடுங்கள். 741, 497, 333 என்று வந்ததாகக் கொள்வோம். இவற்றின் இயல் மடக்கை 6.608, 6.209, 5.808. கிடை அச்சில் எக்கோ நேரம், நிலை அச்சில் மடக்கை வைத்து நேர்கோடு பொருத்தினால் சாய்வு −0.8 ÷ 32, அதாவது −0.025. அதன் தலைகீழை எடுத்துக் குறியை மாற்றினால் டி2 ஸ்டார் 40 மில்லிநொடி. கோட்டைப் பூஜ்ய நேரத்துக்கு நீட்டினால் 6.908, அதாவது தொடக்கச் சிக்னல் 1000.

சம இடைவெளியில் மூன்றே எக்கோ இருந்தால், இந்தச் சாதாரண நேர்கோட்டின் சாய்வை முதலும் கடைசியும் மட்டுமே தீர்மானிக்கின்றன. நடு எக்கோ கோட்டை மேலும் கீழும் தூக்கும், சாய்க்காது. ஆகவே மூன்றாவது எக்கோ கெட்டால் டி2 ஸ்டார் மதிப்பும் கூடவே கெடும்.

படி 5: எடை

எடை = எக்கோ நேரம் × அந்த நேரத்தில் மிஞ்சும் சிக்னல் விகிதம். நம் வோக்சலில்:

முதல் எக்கோ: 12 × 0.741 = 8.89
இரண்டாவது: 28 × 0.497 = 13.92
மூன்றாவது: 44 × 0.333 = 14.65

கூட்டுத்தொகை 37.46. அதால் வகுத்தால் 0.24, 0.37, 0.39. சேர்த்த சிக்னல் சுமார் 491.

ஏன் இந்தப் பெருக்கல்? மூளை வேலை செய்யும்போது ரத்த ஆக்சிஜனால் வரும் போல்ட் மாற்றம், சதவீதக் கணக்கில், எக்கோ நேரம் நீள நீளக் கூடுகிறது. மிஞ்சியிருக்கும் சிக்னலோ குறைகிறது. இரண்டின் பெருக்கல் எக்கோ நேரம் டி2 ஸ்டாருக்குச் சமமாகும்போது உச்சம் தொடும்.

கண்குழிக்கு மேலே, டி2 ஸ்டார் 15 உள்ள வோக்சலில் அதே கணக்கு 5.39, 4.33, 2.34 என்று வரும். எடைகள் 0.45, 0.36, 0.19. பாரம் முதல் எக்கோவுக்கு மாறிவிட்டது பாருங்கள்.

எடையை ஒரு வோக்சலுக்கு ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். கிடைத்த மூன்று எண்களால் ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் மூன்று எக்கோக்களைப் பெருக்கிக் கூட்டுங்கள். நேரப்புள்ளிக்கு நேரப்புள்ளி எடையை மாற்றினால், நாம் தேடும் போல்ட் மாற்றமே எடைக்குள் புகுந்துவிடும்.

இதனால் போல்ட் மாற்றம் இரைச்சலைத் தாண்டித் தெரிவதில் ஆதாயம் எவ்வளவு? இரைச்சல் மூன்று எக்கோவிலும் சமம், ஒன்றோடொன்று தொடர்பில்லாதது என்று கொண்டால், 30 மில்லிநொடி ஒற்றை எக்கோவைவிட டி2 ஸ்டார் 40 உள்ள இடத்தில் சுமார் 1.56 மடங்கு, 15 உள்ள இடத்தில் 1.8 மடங்கு. மூச்சு, இதயத்துடிப்பால் வரும் இரைச்சல் எல்லா எக்கோவிலும் சேர்ந்தே ஆடுவதால் நடைமுறையில் இது குறையும். எடையே போடாமல் மூன்றையும் வெறும் சராசரி எடுத்தால் இழப்பு முதல் இடத்தில் 2 சதவீதம், இரண்டாவதில் 5 சதவீதம் அளவுதான். மூன்று எக்கோ எடுத்ததுதான் பெரிய லாபம், எடை அதன் மேல் பூசும் மெருகு. சூத்திரத்தில் மூழ்கிப்போய் அசைவுத் திருத்தத்தைக் கோட்டை விடுவது கட்டுப்படியாகாத பேரம்.

எடைக்கு வேறு வழியும் உண்டு. 2006-இல் போசரும் உடனாய்வாளர்களும் முன்வைத்த முறையில் டி2 ஸ்டார் கணக்கே வேண்டாம்: எக்கோ நேரத்தையும் அந்த எக்கோவின் சராசரி–அலைவு விகிதத்தையும் (கால வரிசையின் சராசரியை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்தது) பெருக்கினால் போதும்.

கருந்துளையில் என்ன செய்வது?

சிக்னலின் வலிமையை மட்டும் காட்டும் எம்.ஆர்.ஐ. அளவுப் படத்தில் எதிர்ம எண் கிடையாது. சிக்னல் அடங்கிய இடத்திலும் இரைச்சல் ஒரு தரைமட்டமாக நிற்கும். டி2 ஸ்டார் 15 உள்ள வோக்சலில் மூன்றாவது எக்கோ 53 இருக்க வேண்டும், இரைச்சல் தரையால் 80 என்று பதிவானதாகக் கொள்வோம். கோடு தட்டையாகி டி2 ஸ்டார் 18.5 என்று வரும், கெட்ட எக்கோவுக்கே எடை கூடும். முதல் இரண்டை மட்டும் எடுத்தால் சரியாக 15. ஆகவே வோக்சல்தோறும் எத்தனை எக்கோ நம்பத்தக்கவை என்று முதலில் எண்ணி, அத்தனையை மட்டும் கோட்டுக்கு எடுக்க வேண்டும். டெடானா என்ற இலவசப் பைத்தான் நிரல் இதைத் தானாகவே செய்கிறது. எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற முன்தயாரிப்பு நிரலுக்கும் மூன்று எக்கோ கொடுத்தால் எடை போட்டுச் சேர்த்தே தரும்.

படி 6: சரிபார்ப்பு

முதலில் டி2 ஸ்டார் படத்தைத் திறந்து பாருங்கள். சாம்பல் பகுதி 40–50, கண்குழிக்கு மேலே குறைவு, மூளைத் தண்டுவட நீர் பளிச்சென்று மிக உயர்வு என்று இருக்க வேண்டும். நீரில் கோடு ஏறக்குறைய படுத்துவிடுவதால் ஆயிரக்கணக்கில் எண்கள் வரலாம், 500-இல் உச்சவரம்பு வைத்துவிடுங்கள். எங்கும் 0.04 என்று வந்தால் நொடி–மில்லிநொடிக் குழப்பம். எங்கும் எதிர்ம எண் வந்தால் எக்கோக்களின் வரிசை தலைகீழ். மூளையின் ஓரத்தில் மட்டும் வளையம் போல விசித்திர மதிப்புகள் தெரிந்தால் படி 3-க்குத் திரும்பி அசைவுத் திருத்தத்தைப் பாருங்கள்.

அடுத்து, சேர்த்த கால வரிசையின் சராசரியை அதன் அலைவால் வகுத்து ஒரு படம் போடுங்கள், நடு எக்கோவுக்கும் அதே போல ஒன்று. சேர்த்ததுதான் உயர்ந்திருக்க வேண்டும். மென்மையாக்கலும் பொது மூளை வார்ப்புக்கு மாற்றுவதும் இதற்குப் பிறகு.

மூல எக்கோக் கோப்புகளை அழிக்காதீர்கள். போல்ட் மாற்றம் எக்கோ நேரத்தோடு வளரும்: தேய்மான விகிதம் (டி2 ஸ்டாரின் தலைகீழ்) நொடிக்கு 0.5 குறைந்தால் 12, 28, 44 மில்லிநொடியில் முறையே 0.6, 1.4, 2.2 சதவீதம். தலை அசைவால் தொடக்கச் சிக்னலே 1 சதவீதம் மாறினால் மூன்றிலும் அதே 1 சதவீதம். டெடானா கூறுகளைப் பிரித்து இரைச்சலைக் களைவது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். சேர்த்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த ஒப்பீட்டைச் செய்ய வழியில்லை.