பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளை இணைக்கும் பேச்சு வந்தால் பெற்றோர் எப்படி விவாதிக்கலாம்?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளுக்கென்று கோடு போட்டுப் பிரித்த சேர்க்கை எல்லை கிடையாது. தொடக்கநிலை 1 பதிவில் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது, குடிமக்களுக்கு முதலிலும் நிரந்தரவாசிகளுக்கு அடுத்தும், ஒவ்வொரு பிரிவிலும் 1 கிலோமீட்டருக்குள் வசிப்போர், 1 முதல் 2 கிலோமீட்டருக்குள் வசிப்போர், அதற்கு அப்பால் வசிப்போர் என்ற வரிசையில் முன்னுரிமை கிடைக்கிறது. ஆகவே ஒரு பள்ளி இன்னொன்றோடு இணைந்து தன் வளாகத்தைவிட்டுப் போகும்போது, அதைச் சுற்றியிருந்த முன்னுரிமை வட்டமும் போய்விடுகிறது. விவாதத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தளத்தில் உங்கள் புளோக்கிலிருந்து எந்தெந்தப் பள்ளி எவ்வளவு தொலைவு என்று பார்க்கலாம். 2022 பதிவு முதல் இத்தொலைவு பள்ளி நிலத்தின் எல்லையை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆனால் அது நேர்க்கோட்டுத் தொலைவு. பிள்ளை நடக்கும் பாதை அல்ல. இடையில் விரைவுச்சாலையோ பெரிய கால்வாயோ இருந்தால், 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டிலிருந்துகூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். தாத்தா பாட்டி கைபிடித்து அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமே அல்ல; அந்தப் பாதையை நீங்களே ஒருமுறை காலையில் நடந்து பாருங்கள். புதிய வட்டத்துக்குள் அவசரமாக வீடு மாற நினைப்போர், தொலைவு முன்னுரிமையில் இடம் பெற்றால் பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதங்கள் அம்முகவரியில் வசிக்க வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இணைப்பை வெறும் இழப்பாகவே பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2023ல் நம் குடியிருப்பாளர்களின் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 0.97 மட்டுமே. பிள்ளைகள் குறைந்தால் பள்ளிச் சேர்க்கையும் குறையும். 2017ல் கல்வி அமைச்சு அறிவித்தபடி 2019ல் 14 தொடக்கப்பள்ளிகள் 7 ஆயின. பாசிர் ரிஸில் காசுவரினாவும் லோயாங்கும், ஒயிட் சேண்ட்ஸும் கோரலும் அவ்வாறே இணைந்தன. சேர்க்கை சரிந்த பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைகளுக்கு அணி சேர்ப்பதே கடினம்.

தமிழ்ப் பெற்றோர் மிக உறுதியாகக் கேட்க வேண்டியது தமிழ் வகுப்பைப் பற்றித்தான். இரு பள்ளிகளிலும் ஒவ்வொரு நிலைக்கும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தமிழ் மாணவர் இருந்தால், அவர்கள் ஒன்றுசேர்வது நல்லதே; பேசிப் பழக, நாடகம் போட, சேர்ந்து வாசிக்கப் போதிய பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் தமிழாசிரியர்களின் எண்ணிக்கை அப்படியே நீடிக்குமா, இரு நிலைகளை ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் ஏற்பாடு வருமா, தமிழ்ப் பாடம் பள்ளி நேரத்துக்குள் நடக்குமா என்பவற்றுக்குத் தெளிவான பதில் வேண்டும். “தமிழுக்கு என்ன ஆகும்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மாணவர் பராமரிப்பு நிலையத்தின் இடங்கள், பள்ளிப் பேருந்தின் வழித்தடம், கட்டணம் ஆகியவற்றையும் கேளுங்கள். வீட்டு விலையைப் பற்றிய கவலையைக் கூட்டத்துக்குக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. அது பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

முடிவெடுப்பது கல்வி அமைச்சு என்பதால், இணைப்பை நிறுத்தும் கோரிக்கையைவிட அது நடக்கும் விதத்தைப் பற்றிய கோரிக்கைக்கே பலன் அதிகம். பெற்றோர் ஆதரவுக் குழுவின் வழியாகப் பள்ளி முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கும் அதே கடிதத்துடன் செல்லுங்கள். அடுத்த ஆண்டு பதிவுசெய்யவிருக்கும் பெற்றோரின் கையொப்பமும் அதில் இருக்கட்டும்; வட்டம் மாறுவதால் முதலில் பாதிக்கப்படுவோர் அவர்களே.